மழைக்கு மூன்றாவது ஸ்லாட்

நீதி என்பது என்ன என்று மனித குலம் காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அறிஞர்கள் தடிதடியாகப் புத்தகம் எழுதிப் பார்த்தார்கள். அரசர்கள் வாசலில் மணி கட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. கடைசியில் அது ஒரு வட்டார வானிலை அலுவலகத்தில், ஒரு புதுக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள், கடுகளவு ஸ்குரூக்களைக் கொண்டு நிலைநாட்டப்பட்டது. வரலாறு இதை இன்னும் குறித்துக்கொள்ளவில்லை. அதற்கு வேறு வேலைகள் இருக்கும். எனவே நாமாவது சொல்லிவைப்போம்.

அந்த அலுவலகம் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த ஒரு மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் மழைமானியும், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளாத திசைகாட்டி ஒன்றும் இருந்தன. கீழே நீளமான கூடம். ஒரு முனையில் இயக்குநர் அறை, மறுமுனையில் கைகழுவும் தொட்டி. இரண்டுக்கும் நடுவே வரிசையாக நாற்காலிகள். அங்கே ஒரு முறை உண்டு. ஒருவர் ஓய்வு பெற்றால் மற்ற எல்லோரும் ஒரு நாற்காலி இயக்குநர் அறைப் பக்கம் நகர்ந்துகொள்வார்கள். புதிதாக வருபவர் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் கைகழுவும்போது தெறிக்கும் தண்ணீரை வாங்கிக்கொண்டு பொறுமையை வளர்த்துக்கொள்வார். இப்படி நகர்ந்து நகர்ந்து இயக்குநர் அறை வாசலை எட்டுவதற்குள் அவருக்குத் தன் வேலையே மறந்துபோயிருக்கும். அதனால் மேலதிகாரியோடு கருத்து வேறுபாடு வர வழியே கிடையாது. இதைவிடச் சிறந்த நிர்வாக ஏற்பாடு எங்காவது இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

மழை எப்போது வரும் என்று கணிக்கும் வேலை அந்தக் கூடத்தில் ஒரே ஒருவருக்குத்தான். மற்றவர்கள் அந்தக் கணிப்பைத் தட்டச்சு செய்யவும், சரிபார்க்கவும், கோப்பில் வைக்கவும், வைத்த கோப்பைத் தேடவும் இருந்தார்கள். கணிக்கிறவளுக்கு அலுவலகத்தில் ‘மேடம்’ என்று பெயர். ஊர்க்கோடியில் அவள் தம்பி செங்கல் அறுக்கிறான். அவன் களத்து ஆட்கள் வைத்த பெயர் மழையக்கா. நமக்கு அந்தப் பெயரே பிடித்திருக்கிறது.

மழையக்காவின் வேலை கேட்க எளிது. ரேடார் படங்கள், செயற்கைக்கோள் படங்கள், காற்றின் கணக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் கொட்டுவாள். அது அரைத்து, பிழிந்து, நாளைக்கு எங்கே எவ்வளவு மழை என்று சொல்லும். சிக்கல் என்னவென்றால், பழைய கம்ப்யூட்டர் ‘நாளைக்கு’ என்று சொல்லி முடிக்கும்போது அந்த நாளை முடிந்துபோயிருக்கும். கணக்குப் போடும் மூளை நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் படங்களை எடுத்துக் கொடுக்கும் ஹார்டு டிஸ்க்தான் பாடாய்ப் படுத்தியது. சமையல்காரர் கரண்டியோடு காத்திருக்க, காய் நறுக்கிக் கொடுப்பவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தால் சாப்பாடு எப்போது ஆகும்?

இந்தத் தாமதத்தால் ஊரில் வேறு யாருக்கு என்ன நஷ்டமோ, தம்பி வயிற்றில் அது நேராக அடித்தது. அறுத்த பச்சைக்கல் வெயிலில் காய வேண்டும். காய்ந்தால்தான் சூளை ஏறும். காயும்போது மழை பிடித்தால் கல் மறுபடி மண்ணாகிவிடும். தினமும் தார்ப்பாய் போட்டு மூடிவைக்கவும் முடியாது, மூடினால் காயாது. ஆகவே அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். மழைக்கு முந்தின மத்தியானம், “நாளைக்கு வருது” என்று யாராவது சொல்ல வேண்டும். போன வருஷம் யாரும் சொல்லவில்லை. களம் முழுக்கக் கரைந்து ஓடியது. இந்த வருஷமும் அப்படியானால் களத்தை விட்டுவிட்டு யாருடைய லாரியையாவது ஓட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டான். அவன் மனைவி அதைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள் என்பது மழையக்காவைத் தூங்கவிடவில்லை.

தினமும் காலையில் அவன் போன் வந்துவிடும்.

“அக்கா, நாளைக்கு மழை இருக்கா?”

“தெரியலடா.”

“நீ எங்கக்கா வேலை பாக்குற?”

“வானிலை ஆபீஸ்ல.”

“அங்க வானத்தைத் தவிர வேற எல்லாத்தையும் பாப்பீங்க போலிருக்கே.”

மழையக்காவுக்குச் சுருக்கென்று தைக்கும். தம்பி என்பதால் திட்டிவிட்டு வைத்துவிடுவாள். ஆனால் திட்டியது அவனை அல்ல என்பது அவளுக்கே தெரியும்.

கெஞ்சிக் கூத்தாடி, விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டு, கடைசியில் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே நிறம் மாறும் விளக்குகள். கூடமே திரண்டு வந்து பார்த்தது. மழையக்கா விளக்கைப் பார்க்கவில்லை. அவள் கண் ஒரு சின்ன அட்டைப் பெட்டிமேல் இருந்தது. அதற்குள் சூயிங்கம் பட்டை அளவில் ஒரு எஸ்.எஸ்.டி. டிரைவ். பழைய ஹார்டு டிஸ்க் ஒரு பொழுதெல்லாம் எடுத்துக் கொடுக்கும் படங்களை இது ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் கொடுத்துவிடும். அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது, பிறந்த குழந்தையை வாங்கிப் பார்ப்பவள் போல இருந்தாள்.

கம்ப்யூட்டரைப் பொருத்த வந்தவர் கடைக்காரர். கண்ணாடியைத் திறந்து உள்ளே இருந்த மதர்போர்டைக் காட்டினார்.

“டிரைவைச் செருகுறதுக்கு மூணு ஸ்லாட் இருக்கு மேடம். இதோ பிராசசருக்குப் பக்கத்துல இருக்கு பாருங்க, இதுதான் முதல் ஸ்லாட். இதுல போடுற டிரைவ் நேரா பிராசசர்கிட்ட பேசும். மத்த ரெண்டும் சிப்செட் வழியாத்தான் போகும். அதாவது நடுவுல ஒரு ஆள் வாங்கிக் கொடுப்பார். மூணாவது அடியில கிடக்கு, கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழ. அது பழைய வேகம்தான், சூடும் அதிகம். சும்மா சேத்து வைக்கிறதுக்கு அது போதும்.”

“அப்ப என்னோட டிரைவ்?”

“இதென்ன கேள்வி? வேகமானது முதல் ஸ்லாட்டுல. யார்கிட்ட வேணாலும் கேளுங்க.”

அவர் ‘யார்கிட்ட வேணாலும்’ என்று சொல்லியிருக்கக் கூடாது. நிர்வாக அதிகாரி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

நிர்வாக அதிகாரியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லோரும் வானத்தைப் பார்த்துக் குடை எடுத்துவந்தால், அவர் சுற்றறிக்கையைப் பார்த்து எடுத்துவருவார். அந்த அலுவலகத்தின் நாற்காலி வரிசையைத் தலைகீழாகக் கேட்டாலும் சொல்வார். அநியாயம் எங்கே நடந்தாலும் அவருக்கு முதலில் மூக்கில் வியர்க்கும். இப்போது வியர்த்தது.

“கொஞ்சம் நில்லுங்க. இந்த டிரைவ் எப்ப வந்துச்சு?”

“இன்னைக்குத்தான் சார்.”

“இன்னைக்கு வந்தது, முதல் இடத்துல உக்காந்துக்கிட்டு, நேரா பிராசசர்கிட்ட பேசுமா?”

கடைக்காரர் சிரித்தார். நிர்வாக அதிகாரி சிரிக்கவில்லை. கடைக்காரர் சிரிப்பைப் பாதியில் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

“இருபது வருஷமா இங்க இருக்கேன். நானே இயக்குநர்கிட்ட நேராப் பேசினதில்லை. உரிய வழியாத்தான் பேசுறேன். ஒரு பட்டை வந்து பேசிடுமா?”

“சார், அது ஆள் இல்ல சார், பொருள்.”

“இந்த ஆபீஸ்ல பொருளுக்கும் வரிசை உண்டு.”

கூட்டம் கூடியது. முக்கியமான முடிவு எதுவும் நின்றுகொண்டு எடுக்கப்படுவதில்லை என்பதால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தலைமை வகித்தவர் இயக்குநர். அவர் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார், எதிலும் அவசரப்படமாட்டார். மின்விசிறி போட வேண்டுமா என்று கேட்டால்கூட, “பார்க்கலாம்” என்பார். அவருக்குப் பின்னால் அலமாரியில் ஒரு கேடயம் பளபளத்தது. தலைமையகம் கொடுத்தது. ‘பிழையே இல்லாத கணிப்புக்காக’ என்று அதில் பொறித்திருந்தது.

விவரம் இதுதான். மூன்று ஸ்லாட்டுக்கு மூன்று விண்ணப்பதாரர்கள் இருந்தார்கள். ஒன்று, மழையைக் கணக்கிட வந்த புது டிரைவ். இரண்டு, நிர்வாகப் பிரிவின் டிரைவ். விடுப்பு விண்ணப்பங்களும், யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று காட்டும் கேமரா பதிவுகளும் அதில் இருந்தன. மூன்று, இயக்குநரின் டிரைவ். அவர் விழாக்களில் ரிப்பன் வெட்டிய படங்கள், வெட்டும் முன் எடுத்த படங்கள், வெட்டிய பிறகு கத்தரிக்கோலோடு எடுத்த படங்கள், ஆற்றிய உரைகள், ஆற்றாமல் விட்ட உரைகள் எல்லாம் அதில் பத்திரமாக இருந்தன. பழைய கம்ப்யூட்டரிலிருந்து மாற்றலாகி வந்தது அது. பணிமூப்பில் அதை மிஞ்ச யாரும் இல்லை.

மழையக்கா எழுந்து நின்றாள். “சார், படத்தை மெதுவாத் திறந்தா ஒண்ணும் குடி முழுகிடாது. மழைக் கணக்கு மெதுவா ஆனா ஊரே முழுகும்.”

“உணர்ச்சிவசப்படாதீங்க மேடம். இது தொழில்நுட்ப விஷயம்” என்றார் நிர்வாக அதிகாரி. “வேகம் இருக்குங்கிறதுக்காக ஒருத்தரை முன்னாடி உக்கார வைக்க ஆரம்பிச்சா, நாளைக்கு இந்தக் கூடத்துல யார் எங்க உக்காருவாங்க? யோசிச்சுப் பாருங்க.”

கூடம் யோசித்துப் பார்த்தது. நாற்காலிகள் லேசாகக் கிறீச்சிட்டன. தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர் முகம் மட்டும் மலர்ந்தது. மற்ற எல்லோரும் தங்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

“மெதுவா வேலை செய்றவங்க எல்லாரும் பின்னாடி போகணும்னு மேடம் சொல்றாங்க போலிருக்கு” என்றார் ஒருவர்.

“நான் டிரைவைச் சொன்னேன்.”

“இப்ப டிரைவைத்தான் சொல்வீங்க.”

இயக்குநர் கையை உயர்த்தினார். “அந்த நடுவுல வாங்கிக் கொடுக்கிற ஆள், சிப்செட், அவர் இருக்கிறதே எதுக்கு? புதுசா வந்தவங்க நேரா மேல போயிடக் கூடாதுன்னுதானே? கம்ப்யூட்டரைக் கண்டுபிடிச்சவங்களுக்கே அந்த முறை தெரிஞ்சிருக்கு. நாம மீறலாமா?”

கை தட்டினார்கள். இப்படிப்பட்ட ஆழமான தொழில்நுட்ப விளக்கத்தை அந்தக் கூடம் அதற்கு முன் கேட்டதில்லை. அடுத்து குளிர்த்தகடு பற்றிய பேச்சு வந்தது. டிரைவ் சூடாகாமல் இருக்க மேலே வைக்கும் அலுமினியத் தகடு அது. பெட்டியில் ஒன்றுதான் வந்திருந்தது. எந்த டிரைவ் அதிகம் சூடாகுமோ அதற்குத்தான் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஏ.சி. இருக்கும் அறை யாருடையது என்று நிர்வாக அதிகாரி திருப்பிக் கேட்டார். கடைக்காரர் இயக்குநர் அறையைப் பார்த்தார். விஷயம் முடிந்தது.

தீர்மானம் நிறைவேறியது. முதல் ஸ்லாட்டும் குளிர்த்தகடும் இயக்குநரின் டிரைவுக்கு. இரண்டாவது ஸ்லாட் நிர்வாகப் பிரிவுக்கு. மூன்றாவது, கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில், மழைக்கு. விளக்குகள் நிறம் மாறுவது ‘ஊழியர்களிடையே நிலையின்மையை உண்டாக்கும்’ என்பதால் நிரந்தரமாக ஊதா.

“எனக்கென்ன சார்?” என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் ஸ்குரூவைத் திருகினார். “மேல் பக்கம் கீழன்னு சொன்னா, கம்ப்யூட்டரையே கவுத்து வச்சுட்டுப் போறேன்.” போகும்போது மழையக்காவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். துக்க வீட்டில் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

புதுக் கம்ப்யூட்டரின் சாதனைகள் மறுநாளே தெரிய ஆரம்பித்தன. இயக்குநர் ரிப்பன் வெட்டும் படம், அவர் விரலை எடுப்பதற்கு முன்பே திறந்துகொண்டது. அவர் மகிழ்ந்துபோய் எல்லாப் படங்களையும் ஒரு முறை திறந்து மூடினார். விடுப்பு விண்ணப்பங்களும் பறந்தன. மழைக் கணக்கு மட்டும் பழையபடியே ஊர்ந்தது. புது டிரைவ் அடியில் கிடந்து, கார்டின் அனல் முழுவதையும் தன் தலையில் வாங்கி, சூடேறி, கருகிப்போகாமல் இருப்பதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் துடிப்பாக இருந்தவர்கள் பலரும் அந்தக் கூடத்தில் இதே முறையைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள். டிரைவ் அலுவலகப் பண்பாட்டை விரைவாகக் கற்றுக்கொண்டதாக நிர்வாக அதிகாரி பாராட்டினார்.

மழையக்கா அவரிடம் போய் நின்றாள்.

“முதல் ஸ்லாட் எப்பதான் சார் காலியாகும்?”

“அந்த டிரைவ் ஓய்வு பெறும்போது.”

“அதுக்கு எப்ப ஓய்வு?”

“கெட்டுப் போகும்போது.”

“அதுக்குள்ள என்னோடது பழசாயிடுமே சார்.”

“அதைத்தானே மேடம் நானும் சொல்றேன். பழசாயிட்டா அதுக்கும் மரியாதை வந்துடும்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினாள். கோபத்தில் கண் கலங்கியது. அலுவலகத்தில் அழக்கூடாது என்று அவளுக்கு அவளே விதித்த விதி ஒன்று இருந்தது. அது சுற்றறிக்கையில் இல்லாத விதி என்பதால் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

அந்த வாரம்தான் தம்பி களம் நிறையக் கல் அறுத்திருந்தான். பக்கத்துக் களங்களும் அப்படியே. ஊரில் ஒரு பெரிய கட்டட வேலை ஆரம்பித்திருந்தது. எல்லோருக்கும் நல்ல வேளை வந்தது போல இருந்தது.

“பொன்னாட்டம் வெயில் அடிக்குதுக்கா. இப்படியே கொஞ்ச நாள் அடிச்சாப் போதும். சூளைக்கு ஏத்திடுவேன். மழை இருக்கா?”

“தெரியலடா.”

“சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லேன். நீ சொன்னா ஒரு தைரியம்.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவளுக்கு ஏதோ அறுந்தது. இத்தனை வருஷம் படித்து, இத்தனை வருஷம் உட்கார்ந்து, கூடப் பிறந்தவனுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லும் நிலையில்தான் இருக்கிறோமா என்று வெட்கமாக இருந்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சாப்பாட்டு விஷயத்தில் அந்த அலுவலகம் பணிமூப்பெல்லாம் பார்ப்பதில்லை. ஒரே நொடியில் கூடம் காலியானது. அவள் கம்ப்யூட்டரை நிறுத்தினாள். கண்ணாடிக் கதவைக் கழற்றினாள். மூக்குக் கண்ணாடிக்கு வைத்திருந்த குட்டி ஸ்குரூடிரைவரை எடுத்தாள். ஸ்குரூ ஒன்று நழுவி ஃபேனுக்குள் விழப் பார்த்தது, பிடித்துக்கொண்டாள். இயக்குநரின் டிரைவை முதல் ஸ்லாட்டிலிருந்து மெல்ல எடுத்து, கூடியவரை மரியாதையாக, கீழே மூன்றாவதில் இருந்த புதியதைக் கழற்றிவிட்டு அங்கே செருகினாள். புதியதை மேலே வைத்தாள். அதன்மேல் குளிர்த்தகட்டை வைத்து அழுத்தினாள். அந்த அலுவலகத்தில் ஒரு புரட்சி நடந்து முடிந்தது. கேன்டீனில் யாரோ ஊறுகாய் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டரைப் போட்டு, படங்களைக் கொட்டி, கணக்கை ஓடவிட்டாள். சாப்பிட்டு வந்தவர்கள் கைகழுவிக்கொண்டிருக்கும்போதே திரையில் பதில் வந்துவிட்டது. நாளை காலை, கனமழை.

அவள் இரண்டு முறை படித்தாள். மறுபடி கணக்கை ஓட்டினாள். மறுபடியும் அதேதான். அந்த அலுவலகத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக, எதிர்காலத்தைப் பற்றி ஒரு கணிப்பு வந்திருந்தது. உடனே அச்செடுத்து, இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

இயக்குநர் தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“மழை வந்துடுச்சா?”

“நாளைக்கு வரும் சார்.”

“அப்ப இன்னும் வரலை.”

“அதனாலதான் சார் இதுக்குப் பேர் கணிப்பு.”

“மேடம், இதுல கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பிட்டோம்னு வைங்க. நாளைக்கு வெயில் அடிச்சா?”

“வெயில் அடிச்சா எல்லாருக்கும் சந்தோஷம்தானே சார்?”

“எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு விளக்கக் கடிதம்.” அவர் திரும்பிக் கேடயத்தைக் காட்டினார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. “இது வந்ததுல இருந்து நம்ம கணிப்பு ஒண்ணாவது தப்பியிருக்கா? ஏன் தப்பலைன்னு நீங்க என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?”

மழையக்கா யோசித்தாள். பதில் கண்ணெதிரே இருந்ததால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. மழை பெய்து ஓய்ந்த பிறகு வெளியாகும் கணிப்பு எப்படித் தப்பும்? பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்ற ஏன் இத்தனை விண்ணப்பம் வேண்டியிருந்தது என்பதும் இப்போது புரிந்தது.

“சார், பச்சைக்கல் காயுது சார் ஊர்க்கோடி முழுக்க. எல்லாம் கரைஞ்சு போயிடும்.”

“பார்க்கலாம்” என்று சொல்லி இயக்குநர் தாளை மேஜைமேல் இருந்த கோப்புத் தட்டில் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். தட்டில் அதற்கு முன் நிறையத் தாள்கள் காத்திருந்தன. அங்கும் வரிசை உண்டு.

கையெழுத்தாகாத கணிப்பை ‘வாய்மொழியாலோ, சைகையாலோ, முகக்குறிப்பாலோ’ வெளியிடக் கூடாது என்பது விதி. மழையக்கா முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லாமல் மாடிப்படிக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

“டேய், தார்ப்பாய் எல்லாத்தையும் போட்டு மூடு.”

“வெயில் கொளுத்துதேக்கா!”

“மூடுடா.”

“ஆபீஸ்ல சொல்லிட்டாங்களா?”

“ஆபீஸ் சொல்லலை. நான் சொல்றேன்.”

“இத்தனை வருஷத்துல இப்பத்தான்கா நீ ஒண்ணு சொல்லியிருக்க” என்றான். “பக்கத்துக் களத்துக்காரங்ககிட்டயும் சொல்லட்டுமா?”

“கத்திச் சொல்லு.”

அவன் கத்தித்தான் சொன்னான். பக்கத்துக் களத்துக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு மேகம் இல்லை. வானிலை அலுவலகம் என்ன சொல்கிறது என்று விசாரித்தார்கள். அலுவலகம் எதுவும் சொல்லவில்லை. கணிப்பில் ஒரு முறைகூடத் தவறாமல் கேடயம் வாங்கிய அலுவலகம் வாயைத் திறக்காதபோது, அக்கா சொன்னாள் என்று ஒருவன் தார்ப்பாயை விரிக்கிறானே என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள்மேல் குற்றமில்லை. அவர்கள் அலுவலகத்தை நம்பினார்கள்.

மறுநாள் காலை மழை கொட்டித் தீர்த்தது. பணிமனைப் பேருந்துகள் சக்கரம் முழுகி நின்றன. கடைக்காரர்கள் பலகைகளைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கோடியில் களத்துக்குக் களம் பச்சைக்கல் கரைந்து, சேறாகிச் சாலையில் ஓடியது. அதன் நடுவே ஒரே ஒரு களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் வரிசை வரிசையாகக் கல் அப்படியே இருந்தது. தம்பி போனில், “ஒண்ணுகூட நனையலக்கா, ஒண்ணுகூட நனையல” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் மனைவி போனைப் பிடுங்கி, “அண்ணி” என்று மட்டும் சொல்லி அழுதாள். மழையக்காவும் இந்த முறை விதியை மீறி அழுதுவிட்டாள். பிறகு பக்கத்துக் களங்களை நினைத்து, அழுகை வேறு மாதிரி ஆனது.

மத்தியானத்துக்குள் பக்கத்துக் களத்துக்காரர்கள் அலுவலக வாசலில் கூடிவிட்டார்கள். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. அவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

இயக்குநர் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தார். அந்தக் கேள்வியின் தீவிரம் அவருக்கு உடனே புரிந்தது. விசாரணைக்கு உத்தரவிட்டார். ‘பார்க்கலாம்’ என்று சொல்லாமல் அவர் எடுத்த முதல் முடிவு என்று அதைக் கூடம் வெகுநாள் பேசியது.

விசாரணை அவர் அறையிலேயே நடந்தது. மேஜை நடுவே செய்தித்தாள் விரித்து, அதன்மேல் தம்பியின் களத்திலிருந்து எடுத்துவந்த ஒரு கல். நன்றாகக் காய்ந்திருந்தது. நிர்வாக அதிகாரி அதை விரலால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. அவர் முகம் இறுகியது.

“முதல் குற்றம், ஸ்லாட் வரிசையை மீறினது. நேத்து மத்தியானம் இயக்குநர் ஒரு படத்தைத் திறந்தப்ப, அது திறக்க ஒரு மூச்சு விடுற நேரம் ஆகியிருக்கு. அவர் அந்த மூச்சைச் சும்மா விட வேண்டியதாப் போச்சு. இதை ஒத்துக்கிறீங்களா?”

“ஒத்துக்கிறேன் சார்.”

“இரண்டாவது குற்றம், இந்தக் கல்.”

“கல் என்ன சார் பண்ணுச்சு?”

“காஞ்சிருக்கு.”

இயக்குநர் பெருமூச்சு விட்டார். “ஊர் முழுக்க நனைஞ்சது இயற்கை மேடம். அதுக்கு நாம பொறுப்பாக முடியாது. ஆனா ஒரு களம் நனையாம இருந்தது? அது யாரோ செஞ்சது. அதுக்குப் பதில் சொல்லியே ஆகணும். உங்க தம்பிக்கு மட்டும் ஏன் சொன்னீங்க?”

மழையக்காவுக்கு இத்தனை நேரம் இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், இயக்குநரின் தட்டில் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள்.

“எல்லாருக்கும் சொல்றதுக்குத்தான் சார் இது. நேத்து மத்தியானமே உங்ககிட்ட கொடுத்தேன். இன்னும் இங்கதான் கிடக்கு.”

நிர்வாக அதிகாரி கூரையைப் பார்த்தார். இயக்குநர் தாளை எடுத்தார். ‘நாளை காலை, கனமழை’ என்று வாய்விட்டுப் படித்தார். எழுந்து சன்னலுக்குப் போனார். கண்ணாடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். தெருவில் ஓடும் சேற்றை, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்கும் களத்துக்காரர்களை, மேலே கொட்டும் வானத்தை எல்லாம் நிதானமாகப் பார்த்தார். சரிபார்த்தது திருப்தியாக இருந்திருக்க வேண்டும். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“ரொம்பச் சரியான கணிப்பு மேடம்” என்று மனதாரப் பாராட்டினார். “இப்பப் போடலாம்.”

கையெழுத்துப் போட்டு, வாயால் ஊதி, வெளியிடச் சொல்லிக் கொடுத்தார். அன்று அந்த ஊரில் காய்ந்தவை இரண்டே பொருள்கள்: தம்பியின் செங்கல், இயக்குநரின் கையெழுத்து. விசாரணை செங்கல் மேல்தான் நடந்தது.